எண்ணும் எழுத்தும் கரணையும்

அறிவியல், கலை, கட்டடத் தொழில்: பள்ளி முடிக்கும் பிள்ளைக்கு முன்னால் மூன்று வாசல்கள். மூன்றுக்கும் நடுவே கதவுகள் இருப்பதை நாம் ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை?

ரிசல்ட் வந்த அன்றே தெருவில் விசாரணை தொடங்கிவிடும். "எவ்வளவு மார்க்?" என்பது முதல் கேள்வி. "கட் ஆஃப் எவ்வளவு வருது?" என்பது இரண்டாவது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கூட்டிச் சொல்வதற்குள் மூன்றாவது கேள்வி வந்து விழும். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிடுமா?"

அதன்பிறகு உறவினர்கள் படிப்படியாகக் கீழே இறங்குவார்கள். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ். அதுவும் இல்லாவிட்டால் "பேசாம பி.காம். போட்டுடுங்க". பையன் கணக்கில் சுமார் என்றால் பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பிலேயே தடுமாறினால் ஐ.டி.ஐ. எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வரிசை இது. ஆனாலும் ரேஷன் கடை க்யூவைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கல்லூரிக்குப் போவதில் தமிழ்நாடு யாருக்கும் சளைத்ததில்லை. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இங்கே நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள். நாட்டின் சராசரி 28.4தான். வாசல்வரை பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதில் நாம் ஜெயித்துவிட்டோம். எந்த வாசல் என்று வரும்போதுதான் இன்னும் அந்தப் பழைய வரிசையையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அந்த வரிசை ஏன் தப்பு என்று புரிந்துகொள்ள, வீடு கட்டும் மனை ஒன்றுக்குப் போனால் போதும்.

மனையில் நடக்கும் பாடம்

வானம் தோண்டும் நாளன்று காலையில் போய் நில்லுங்கள். மேஸ்திரி முளை அடித்து நூல் கட்டுவார். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி அளந்து நூலில் ஒரு குறி வைப்பார். மறுபக்கம் 4 அடியில் இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் குறுக்கே டேப்பைப் பிடித்தால் சரியாக 5 அடி காட்ட வேண்டும். அரை அங்குலம் கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. முளையை லேசாகத் தட்டி நகர்த்திவிட்டு மறுபடி அளப்பார். பெரிய கட்டடமென்றால் 6, 8, 10. பள்ளியில் பித்தாகரஸ் தேற்றம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதை, அந்தப் பெயரைக் கேட்டே இராத ஒருவர் நூலும் முளையுமாக மண்ணில் நிரூபித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது மட்டம் பார்ப்பது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை முதல் தூணில் போட்ட குறியோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்வார். மறுமுனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் அடுத்த தூணுக்கு மட்டம். இணைந்திருக்கும் குழாய்களில் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்ற இயற்பியல் விதி அங்கே வேலை செய்கிறது. டியூபுக்குள் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் மட்டம் பொய் சொல்லும். அதனால் வேலையைத் தொடங்கும் முன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார். கருவியை நம்புவதற்கு முன் கருவியையே சோதிப்பது, எந்த ஆய்வகத்திலும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம்.

தளம் போட்ட மறுநாள் வேதியியல் வகுப்பு. கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். காய்ந்தால் கெட்டது குடி. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் அது இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதும் ஈரச் சாக்கு போர்த்துவதும் இதற்காகத்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை 456, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் வெயில் காயும் இடங்களுக்கும் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. கலவை போடும்போது "கொஞ்சம் இளக்கமா இருந்தா தள்ளச் சுலபம்" என்று ஒரு வாளி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால், வினைக்குத் தேவைப்படாத தண்ணீர் பின்னால் ஆவியாகி நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும், வலிமை குறையும். 15 சென்டிமீட்டர் கனசதுரமாக வார்த்து, 28ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கும்போது இந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியில் வருவது பூச்சு. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் வெல்லமும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்த சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, கைவேலை எந்த இடத்தில் கலையாகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு மனைக்குள் கணக்கு, இயற்பியல், வேதியியல், கலை, தொழில் எல்லாம் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில்தான் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் தனித்தனிக் கட்டடங்களில் குடியிருக்கின்றன.

ஒருவரே எல்லாமாக இருந்த ஊர்

ஆரம்பத்தில் இப்படி இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், 1794இல் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகே எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி. நிலத்தை அளக்க ஆள் வேண்டும் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவைக்காகப் பிறந்தது அது. மாநிலக் கல்லூரி 1840. சென்னைப் பல்கலைக்கழகம் 1857. இடையில் 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். சீக்கிரமே அரசு அதை ஏற்றுக்கொண்டு தொழிற்கலைப் பள்ளியாக நடத்தியது. இன்று பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான்.

இந்தக் கட்டடங்களுக்கு நடுவே நடமாடிய ஒருவரைக் கவனியுங்கள். ராபர்ட் சிஷோல்ம். கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியின் கட்டடத்தை வடிவமைத்தவர். பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் வடிவமைத்தவர். அதே மனிதர் தொழிற்கலைப் பள்ளிக்கும் தலைமை ஏற்றிருந்தார். அறிவியலும் இலக்கியமும் படிக்கும் கல்லூரியைக் கட்டியவரும், கைவினை கற்றுத்தரும் பள்ளியை நடத்தியவரும் ஒருவரே.

அவருக்குப் பின்னால் வந்த ஆல்ஃப்ரெட் சாட்டர்டனின் கதை இன்னும் சுவையானது. பொறியியல் பேராசிரியரான அவர் கலைப் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார். 1890களின் இறுதியில் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். நம் அடுக்களைக்கு அலுமினியச் சட்டி வந்துசேர்ந்த வழி, ஓவியமும் சிற்பமும் கற்றுத்தந்த ஒரு பள்ளியின் பின்கட்டு வழியாகப் போகிறது.

பிறகு பாதைகள் பிரிந்தன. பட்டம் படித்தவருக்குச் சர்க்கார் உத்தியோகம். பட்டறையில் படித்தவருக்குக் கூலி என்று ஆனது. படிப்பின் மதிப்பு அது தரும் நாற்காலியை வைத்து அளக்கப்பட்டது.

பயத்துக்கு ஒரு நியாயம் உண்டு

கைத்தொழில் படிப்பைத் தமிழ்க் குடும்பங்கள் ஒதுக்குவதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அப்பன் பிடித்த கரணையைத்தான் மகனும் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக ஒரு தலைமுறையே போராடிய மண் இது. "என் பிள்ளை வெயிலில் நிற்கக் கூடாது" என்று ஒரு சித்தாள் சொல்லும்போது அதில் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

அந்தப் போராட்டம், எந்தத் தொழிலையும் யார் மீதும் பிறப்பால் சுமத்தக் கூடாது என்றது. விரும்பி வருபவருக்கு அதைக் கற்றுத்தரக் கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. தச்சர் மகள் இயற்பியல் படிக்கலாம் என்றால், தாசில்தார் மகன் தச்சு படிக்கலாம் என்பதும் அதே உரிமையின் மறுபாதி. முதல் பாதியில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். மறுபாதியை இன்னும் தொடவே இல்லை.

முதல் வாசல்: அறிவியல்

பி.எஸ்ஸி. என்பது மூன்றாண்டுப் படிப்பு. இன்ஜினீயரிங் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணையாகவே அதைப் பலரும் பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் படிப்பின் மேல்மாடி பெரியது. ஐ.ஐ.டி.களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் முதுநிலை அறிவியல் படிக்க 'ஜாம்' தேர்வு இருக்கிறது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த கிராமத்துப் பெண்ணும் அதை எழுதலாம். கணக்கில் உயிரையே வைத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. தனி நுழைவுத்தேர்வு எழுதி இளநிலையிலேயே சேரலாம்.

அறிவியலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருக்கும் கதவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமென்ட் ஆலைகள் இயங்குகின்றன. ஒவ்வோர் ஆலையிலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் உண்டு. அங்கே வேலை வேதியியல் படித்தவர்களுக்கு. அஸ்திவாரத்துக்குக் கீழே பாறையா களிமண்ணா என்று சொல்ல நிலவியல் படித்தவர் தேவை. பிளஸ் டூவில் கணக்கு எடுத்து பி.எஸ்ஸி. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. மூன்று வருடம் வீண் என்று நினைத்தவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெயர் பளபளக்கும் புதிய பட்டங்கள் வருடத்துக்கு வருடம் முளைக்கின்றன. பெயரை விட்டுவிட்டு இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணக்கும் ஆய்வக மணிநேரமும் குறைந்து, புதுச்சொற்கள் நிறைந்திருந்தால், அது பழைய படிப்புக்குப் போட்ட புதுச் சட்டை.

இரண்டாம் வாசல்: கலை

"பி.ஏ. படிச்சு என்ன பண்றது?" என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் பதில், போட்டித்தேர்வு. சரிதான். ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத ஐ.ஐ.டி. பட்டமும் அரசுக் கலைக் கல்லூரியின் தமிழ்ப் பட்டமும் சமம். ஆனால் கலைப் படிப்பைத் தேர்வுக்கான நுழைவுச்சீட்டாக மட்டும் பார்ப்பது அதன் பாதியைத்தான் பார்ப்பது.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை 2018 முதல் தமிழகத் தொல்லியல் துறை தொடர்கிறது. அங்கே வெளிப்பட்டவற்றில் செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், கூரை ஓடுகள் எல்லாம் உண்டு. பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் படிக்கத் தமிழும் எழுத்தியலும் தெரிந்தவர் வேண்டும். கரித்துண்டின் வயதைக் கணிக்க இயற்பியல் வேண்டும். செங்கல்லின் அளவையும் அடுக்கையும் புரிந்துகொள்ளக் கட்டடம் தெரிந்தவர் வேண்டும். ஒரு குழிக்குள் மூன்று வாசலில் நுழைந்தவர்களும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கவின்கலைக் கல்லூரிகளைப் பற்றிப் பள்ளிகளில் யாரும் சொல்வதே இல்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று நான்காண்டுப் பட்டங்கள். சேர்க்கைக்கு மார்க் மட்டும் போதாது. உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். சென்னைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவர் கை வண்ணம், 1959இல் நிறுவப்பட்டது. அந்தக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றார்கள் என்பார்கள். ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்க முன்நின்றார். அங்கே குடியேறிய ஓவியர்கள் பத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருட்கள் செய்து விற்று வந்த பணத்தில்தான் நிலத்தையே வாங்கினார்கள். ஓவியம் சோறு போடாத காலத்தில் கைத்தொழில் ஓவியத்துக்குச் சோறு போட்டது.

மூன்றாம் வாசல்: கட்டடம்

இங்கேதான் படிப்புகள் மிக அதிகம். பெற்றோருக்குத் தெரிந்தது மிகக் குறைவு. கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். கட்டடப் பட வரைவாளர் உள்ளிட்ட பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழ்நாடு அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் மொழித்தாள்களை எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழும் பெறலாம்.

அடுத்த படி பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ. பிளஸ் டூ முடித்தவர்களும் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். 15 வயதில் வரைபலகை முன்னால் உட்கார்ந்த பிள்ளை, ஒரு படியையும் தாண்டிக் குதிக்காமல் பொறியாளராகிவிட முடியும். அந்தப் பிள்ளை வந்து சேரும்போது ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கையால் பிடித்திருக்கும். பிளஸ் டூவிலிருந்து நேரே வந்த சக மாணவருக்கு அந்த அனுபவம் இருக்காது.

பி.இ. சிவில் நான்காண்டு. கணினிப் பிரிவுகளின் மோகத்தில் சிவிலுக்கு வரும் கூட்டம் குறைந்துவிட்டது. மெட்ரோ, துறைமுகம், குடிநீர்த் திட்டம், மேம்பாலம் என்று வேலைகள் மட்டும் குறையவில்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மேஸ்திரியோடு பேச வேண்டிய மொழியிலேயே பாடத்தைப் படிப்பதில் என்ன குறைச்சல்? பி.ஆர்க். ஐந்தாண்டு, அதற்குத் தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒன்று உண்டு. மாமல்லபுரத்தில் 1957இல் பயிற்சி மையமாகத் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கோயில் கட்டடக்கலையில் பி.டெக்.; கல், சுதை, உலோகம், மரம் என்று சிற்பப் பிரிவுகள்; மரபு ஓவியம். ஒரு பக்கம் சிற்ப நூல்களின் தாள அளவு, இன்னொரு பக்கம் பட்டறையில் உளிச் சத்தம். கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கே அங்கே ஒரு பாடம். சுத்தியலால் தட்டினால் மணிபோல் கணீரென்று ஒலிப்பது ஆண் கல், தாளம்போல் மெல்ல ஒலிப்பது பெண் கல் என்பது மரபு. உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மங்கிவிடும் என்பதால் செவியே முதல் சோதனைக் கருவி.

இந்தக் கல்லூரியை 27 ஆண்டுகள் வழிநடத்தியவர் வை.கணபதி ஸ்தபதி. பிள்ளையார்பட்டிச் சிற்பிக் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்றவர். சென்னை வள்ளுவர் கோட்டத்தை உருவாக்கியவர் அவரே. குமரிமுனையில் 133 அடி உயரத்தில் வள்ளுவரை நிறுத்தியபோது, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடி பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு 95 அடி சிலை என்று கணக்குப் போட்டார். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலை, 2004இல் ஆழிப்பேரலையையும் தாங்கி நின்றது. இலக்கியம் அளவைத் தந்தது, கணிதம் நிலைநிறுத்தியது, உளி உருவம் கொடுத்தது. இவரை எந்த வாசலில் நுழைந்தவர் என்று எழுதுவீர்கள்?

சித்தாளாகவே ஓயும் பெண்கள்

கட்டட வேலையில் பெண்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செங்கல் சுமப்பதும், மணல் சலிப்பதும், கலவைச் சட்டியைக் கைமாற்றுவதும் அவர்கள்தான். ஆனால் 20 வயதில் சித்தாளாக வந்தவர் 50 வயதிலும் சித்தாளாகவே இருப்பார். அதே நாளில் கூடவே கையாளாக வந்த பையன் சில வருடங்களில் கரணை பிடித்துக் கொத்தனாராகிவிடுவான். கூலியிலும் பாதிக்குப் பாதி வித்தியாசம். வேலை தெரியாததால் இல்லை. கரணையை யாரும் அவர் கையில் கொடுக்காததால்.

படிப்பு மாற்றக்கூடிய இடம் இது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பட்டப்படிப்புக்கு மட்டுமின்றி டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது பொருந்தும். 2024இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. பல குடும்பங்கள் அட்டை வைத்திருந்தும் இதை வாங்குவதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களை யார் படிக்கவைப்பது? முப்பது வருடம் கம்பி கட்டியவருக்கு எந்தக் கல்லூரியிலும் இடமில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சோதித்துச் சான்று தரும் அரசுத் திட்டங்கள் இருந்தாலும், பக்கத்துப் பாலிடெக்னிக்கில் மாலை நேரத்தில் போய்ப் பட வாசிப்பும் மதிப்பீடும் கற்றுக்கொள்ளும் வசதி பெரும்பாலான ஊர்களில் இல்லை. கட்டடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். மாலை ஐந்து மணிக்குப் பூட்டு விழுந்துவிடுகிறது.

சேருவதற்கு முன் கேளுங்கள்

• வாரத்துக்கு எத்தனை மணிநேரம் ஆய்வகம் அல்லது பட்டறை? கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

• இதை முடித்தால் அடுத்த படி எது? ஐ.டி.ஐ.யிலிருந்து டிப்ளமோ, டிப்ளமோவிலிருந்து பி.இ., பி.எஸ்ஸி.யிலிருந்து எம்.எஸ்ஸி. என்று வழி திறந்திருக்கிறதா?

• அங்கீகாரம் யாருடையது? பொறியியலுக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஏ.ஐ.சி.டி.இ., ஐ.டி.ஐ.க்கு மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் (டி.ஜி.டி.), பி.ஆர்க்.குக்குக் கட்டடக்கலை மன்றம். விளம்பரத்தை நம்பாமல் ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள்.

• மொத்தச் செலவு எவ்வளவு? படிப்புக் கட்டணத்தோடு பேருந்து, விடுதி, தேர்வு, சீருடை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

• பிள்ளை அந்த வேலையை ஒரு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறானா? வழக்கறிஞர் அலுவலகமோ, மண் பரிசோதனைக் கூடமோ, கட்டட மனையோ, முதலில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

பள்ளிக்கூட ஃபிளெக்ஸில் யார் படம்?

ஜூன் மாதம் ஊர் முழுக்கப் பள்ளிகளின் ஃபிளெக்ஸ் பேனர்கள். 590 எடுத்த மாணவி, மருத்துவ சீட் வாங்கிய மாணவன். அதே பள்ளியில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, டிப்ளமோ வழியாக வந்து இன்று பாலம் கட்டும் பொறியாளராக இருப்பவர் படம் எந்த பேனரிலும் இல்லை. மாமல்லபுரத்தில் கல் செதுக்கப் போனவர், கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தவர், எம்.எஸ்ஸி. படிக்க ஐ.ஐ.டி. போன பி.எஸ்ஸி. மாணவி ஆகியோரின் படங்களும் இல்லை. யாரை மாட்டுகிறோமோ அவர்களைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துப் பிள்ளை கனவு காண்கிறது. பள்ளிகள் இந்த வருடமே இதை மாற்றலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

அரசு செய்ய வேண்டியதும் பெரிதில்லை. அரசுக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மூன்றும் பல மாவட்டத் தலைநகரங்களில் சில கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. வேதியியல் மாணவர்கள் ஒரு பருவத்துக்குப் பாலிடெக்னிக்கின் கான்கிரீட் ஆய்வகத்தில் படிக்கட்டும். வரலாற்று மாணவர்கள் பழைய கட்டடத்தை அளந்து வரையக் கற்றுக்கொள்ளட்டும். ஐ.டி.ஐ. மாணவர்களுக்குக் கல்லூரி நூலகத்தின் கதவு திறக்கட்டும். மாலையில் அந்தப் பட்டறைகள் சித்தாள்களுக்கும் கம்பி கட்டுபவர்களுக்கும் கரணையும் வரைபடமும் கற்றுத்தரட்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். விண்ணப்பம் போடும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். முகப்பில் கண்ணாடிக் கட்டடத்தையும் நீரூற்றையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டுப் பின்னால் இருக்கும் ஆய்வகத்தையும் பட்டறையையும் திறக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தின் மேல் தூசியும், மேசை மேல் உடைக்காத பெட்டியும் இருந்தால், எந்த வாசலாக இருந்தாலும் அது வேண்டாம். மாணவர்கள் கை அழுக்கோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தால் தைரியமாகச் சேருங்கள். அது பி.எஸ்ஸி.யா, பி.ஏ.வா, ஐ.டி.ஐ.யா என்று கேட்கும் உறவினருக்குப் பதில் சொல்ல அவசரமே இல்லை.